கடுகின் எடை யாருக்கும் தெரியக்கூடாது

உண்ணி மருந்து விற்கிற வேலையில் சம்பளத்தோடு அரிப்பும் சேர்த்துக் கிடைக்கும்.

நான் வேலை செய்வது சிங்கப்பூரில், தேக்கா பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் செல்லப்பிராணிக் கடையில். ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்னால் மனிதர்களுக்கான மருந்துக் கடையில் இருந்தேன். அங்கே வருகிறவர்கள் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, வாயில் கை வைத்துக்கொண்டு தங்கள் தொல்லையைச் சொல்வார்கள். இங்கே வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, காதுக்குள் கொத்துக் கொத்தாக இருக்கிறது, விரலிடுக்கில் ஊர்கிறது என்று சந்துக்கே கேட்கும்படி சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்கழுத்தில் ஏதோ ஏற ஆரம்பித்துவிடும். நாய் வளர்க்கிறவர்களே, நாய் வளர்க்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்கும் எங்காவது அரித்தால் கூச்சப்படாமல் சொறிந்துகொள்ளுங்கள். நானும் ஒரு கையால் சொறிந்துகொண்டுதான் மறு கையால் எழுதுகிறேன்.

பலகார டப்பா

எங்கள் முதலாளி மேடம் டான். சீனப் பெண்மணி. முப்பது வருடம் தேக்காவில் கடை நடத்தியதில் பேரம் பேசவும் திட்டவும் போதுமான அளவு தமிழ் கற்றுக்கொண்டவர். பலகாரம் என்றால் உயிர். தீபாவளி சமயத்தில் வாடிக்கையாளர்கள் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஒன்றும் எங்கள் கைக்கு வராது.

ஒரு காலை ஒரு பெண் வந்து, முறுக்கு போடுகிற டப்பா ஒன்றைக் கல்லாப் பக்கம் வைத்துவிட்டு, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேடம் டான் முகமெல்லாம் சிரிப்பாக வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஈர டிஷ்யூ மேல் அந்தப் பெண் வளர்க்கும் நாயின் உண்ணிகள். எந்த ஜாதி உண்ணி என்று நாங்கள் பார்த்துச் சொல்வதற்காகக் கொண்டுவந்தாராம். மேடம் டான் போட்ட சத்தத்தில் கிளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின, டப்பா கவிழ்ந்தது, நான் டிஷ்யூவோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அந்தப் பெண் குனிந்து, மிக நிதானமாக எண்ணிப் பார்த்தார்.

"எட்டு போட்டுக் கொண்டாந்தேன் அக்கா. ஏழுதான் இருக்கு."

ஆபீசருக்குச் சொல்லும் எடை

இந்தத் தொழிலில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நாய் எத்தனை கிலோ? உண்ணி மருந்து நாயின் எடையைப் பொறுத்தது. பெட்டியிலேயே போட்டிருக்கும், பத்திலிருந்து இருபது கிலோ, இருபதிலிருந்து நாற்பது, நாற்பதிலிருந்து அறுபது என்று. பெரிய நாய்க்குச் சின்ன மருந்து போட்டால் உண்ணிகள் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு வேலையைத் தொடரும். சின்ன நாய்க்குப் பெரிய மருந்து போட்டால் நாய்க்கே ஆபத்து. இவ்வளவு எளிய கேள்விக்கு இந்த ஊரில் நேரான பதில் வாங்குவதற்குள் எனக்குத் தாடை வலித்துவிடும்.

பூன் லேயிலிருந்து ஒருவர் வந்தார். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் சின்ன நாய்க்குத்தான் அனுமதி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன்னுடையது சின்ன நாய், மடியில் அடங்கிவிடும் என்றார். சின்ன பெட்டியை எடுத்து வைத்தேன். அதைத் தள்ளிவிட்டு, நாற்பது கிலோவுக்கு மேலே உள்ள பெட்டியைக் காட்டினார். நான் பதறிப்போய், மடியில் அடங்குகிற நாய்க்கு இதைப் போடவே கூடாது, நான் விற்கவும் மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கல்லா மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"யாராவது வந்து கேட்டாதான் அக்கா அது சின்ன நாய். மருந்துக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?"

பத்தொன்பது

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் ஞானம் அங்கிள் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. காத்தோங்கில் தரைவீடு, அதனால் அனுமதிப் பிரச்சினை இல்லை. முப்பத்தைந்து வருடம் சுங்க அதிகாரியாக இருந்து, ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். மருந்துப் பெட்டியை முன்பக்கம், பின்பக்கம், மடிப்புக்குள் இருக்கும் எழுத்து எல்லாம் படித்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். மெல்பர்னில் இருக்கும் மகன் இன்னும் பத்து வாரத்தில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வருகிறான், ஆறு மாதம் இங்கேதான் இருக்கப் போகிறார்கள். முதல் பேரன். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கிளின் தலைக்குப் பின்னால் சுவரில் ஓர் உண்ணி நிதானமாக ஏறிப் போவதை மருமகள் பார்த்துவிட்டாள். குழந்தை தரையில் தவழப் போகிற வீடு. உண்ணி போக வேண்டும், இல்லாவிட்டால் நாய் கிராஞ்சியில் இருக்கும் நாய்க் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதில் அவள் மேல் தப்பு சொல்ல முடியவில்லை என்றார் அங்கிள். ஆனால் மகன் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து கூடவே இருப்பது அந்த நாய்தான். பெயர் கடுகு. அங்கிளின் மனைவி லீலா ஆன்ட்டி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதையெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இருப்பதை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். கழுத்துப்பட்டையா? கடித்துத் தின்றுவிடுவானாம். மெல்லும் மாத்திரையா? இட்லிக்குள் வைத்துக் கொடுத்தாலும் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவானாம். கடைசியில் பின்கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்று முடிவானது. எத்தனை கிலோ என்று கேட்டேன். அதுவரை என் கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னவர், மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பத்தொன்பது என்றார். சுங்க அதிகாரி சொன்ன எடை, நான் பத்திலிருந்து இருபது கிலோப் பெட்டியை எடுத்து வைத்தேன். என்ன ஜாதி நாய் என்றுகூடக் கேட்காதது முழுக்க முழுக்க என் முட்டாள்தனம். எதற்கும் இருக்கட்டும் என்று, சரியாகப் பத்தொன்பதுதானா என்று மட்டும் கேட்டேன்.

"பேரே கடுகுதானேம்மா. எவ்வளவு இருந்துடப் போவுது?"

நலுங்கு

நாலு வாரம் கழித்து அங்கிள் வந்தார். உண்ணி போகவில்லை. சுவர் விரிசல், கட்டில் அடி, சோபா மடிப்பு எல்லா இடத்திலும் அதன் குஞ்சுகள் இருக்கும், வேக்கம் கிளீனர் போட்டு எடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதையும் தினம் இரண்டு வேளை செய்திருக்கிறார். கைவிரலெல்லாம் மஞ்சளாக இருந்ததால், சமையலா அங்கிள் என்று கேட்டேன்.

சமையல் இல்லை. லீலா ஆன்ட்டி என் மருந்து மேல் நம்பிக்கை இழந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கடுகுக்குத் தலையிலிருந்து வால்வரை பூசியிருக்கிறார். பூசும்வரை கடுகு கண்ணை மூடிச் சுகமாக நின்றது. பூசி முடித்ததும் கூடத்தின் நடுவில் போய் நின்று ஒரே ஒரு உதறு உதறியது. பேரனுக்காகப் புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவர், திரைச்சீலை, அங்கிளின் சட்டை எல்லாம் மஞ்சள், திறந்திருந்த வாசல் வழியாகப் போன மிச்சம் பக்கத்து வீட்டுக் காரில். அந்தக் கோலத்தில் போட்டோ எடுத்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன். கடுகைப் போட்டோ எடுக்க ஆன்ட்டி விடுவதே இல்லை என்றார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரித்துக்கொண்டே அதே சின்ன பெட்டியில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அங்கிள் அதை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நலுங்கு வச்ச மாப்பிள்ள மாதிரி உக்காந்திருக்கான்ம்மா. பொண்ணுதான் இன்னும் பாக்கல."

வாசல் இருட்டியது

அடுத்த இரண்டே வாரத்தில், ஒரு மத்தியானம், கடை திடீரென்று இருட்டிவிட்டது. மழை என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். மழை இல்லை, கடுகு. கோல்டன் ரிட்ரீவர். ஆனால் நான் பார்த்த ரிட்ரீவர்களில் இரண்டைச் சேர்த்துச் செய்தது. வாலை ஆட்டியபோது கீழ் அலமாரியில் இருந்த பூனை உணவு டின்கள் வரிசையாக உருண்டன. மேடம் டான் கிளிக்கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கயிற்றின் மறுமுனையில் லீலா ஆன்ட்டி, போலி மருந்து விற்கிறவளை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை கேட்க வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஞானம் அங்கிள், என் கண்ணில் படாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

நான் நாயைப் பார்த்தேன், பெட்டியில் போட்டிருந்த பத்திலிருந்து இருபதைப் பார்த்தேன், அங்கிளைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு உண்மை வெளியே வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவமனையில் கடுகை எடைமேடையில் ஏற்றினார்களாம். எண் பெரிதாகத் திரையில் வந்திருக்கிறது. காத்திருந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்து அடேயப்பா என்றிருக்கிறார். அன்று ராத்திரியே கடுகுக்கு வயிற்றுப்போக்கு, மூன்று நாள் நிற்கவில்லை. அதிலிருந்து மருத்துவர் வீட்டுக்கு வந்துதான் ஊசி போடுகிறார். போட்டோ கிடையாது, எடை கிடையாது, எத்தனை இட்லி தின்கிறான் என்பது வெளியே போகக்கூடாது. யார் கேட்டாலும் பத்தொன்பது என்று சொல்லும்படி ஆன்ட்டியின் உத்தரவு. வாழ்நாள் முழுக்க ஊராரைச் சரியான எடை சொல்ல வைத்த மனிதர் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் வீணாகிவிட்டதே, இன்னும் நாலு வாரம்தானே இருக்கிறது, கிராஞ்சிக்குப் போனால் கடுகு அங்கே யார் நாற்காலியில் உட்காரும் என்று படபடவென்று பேசிவிட்டேன். ஆன்ட்டியின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

"நான் பெத்த புள்ள எடையையே எவகிட்டயும் சொன்னதில்ல. இவன் எடைய கடையில வந்து சொல்லிடுவேனா?"

வெங்காயத் தராசு

எங்கள் கடையில் முயல் எடை போடும் தராசுதான் உண்டு. அதில் கடுகின் ஒரு கால் வைக்கலாம். பக்கத்தில் முருகையா அண்ணனின் காய்கறி மொத்தக்கடை. பின்சந்தில் வெங்காய மூட்டை நிறுக்கும் பெரிய தரைத்தராசு வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். பழைய சாக்கு விரித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் நானே கழுவிவிட வேண்டும் என்று சம்மதித்தார். ஆன்ட்டி ஒரு நிபந்தனை போட்டார், எண் யார் கண்ணிலும் படக்கூடாது. முருகையா அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து எண் தெரியும் இடத்தை மூடினார். ஆவி பிடிக்கிறவள் மாதிரி நான் அந்தத் துண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கடுகு ஏற மறுத்தது. அங்கிள் ஏறி நின்று கூப்பிட்டார், திரும்பியும் பார்க்கவில்லை. மேடம் டான் பிஸ்கட்டை வீசினார், பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டது. அதற்குள் சந்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கடைசியில் ஆன்ட்டி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி நின்றதும், கடுகு தானாகவே ஏறி அவர் காலடியில் உட்கார்ந்தது. துண்டுக்குள் எண் வந்தது. நூற்று எட்டு. இனி ஆன்ட்டி தனியாக ஏறி நின்றால் கழித்துப் பார்த்துவிடலாம் என்றேன். இறங்கியவர் மறுபடி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீண்ட யோசனைக்குப் பிறகு, அங்கிளை இருபதடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் காதில் ஒரு எண் சொன்னார். நாற்பத்தேழு.

கழித்துப் பார்த்தேன், அறுபத்தொன்று. அப்படியானால் எங்கள் கடையின் மிகப் பெரிய பெட்டியும் போதாது. கடுகைப் பார்த்தேன், பெரிய நாய்தான், ஆனால் அறுபத்தொன்று இல்லை. ஆன்ட்டியைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது என்று பட்டது. கணக்கு கொஞ்சம் இடிக்கிறது, தப்பான அளவு போட்டால் இவனுக்கே ஆபத்து என்று மட்டும் பொதுவாகச் சொல்லி வைத்தேன். ஆன்ட்டி கடுகின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னை வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவர் சொன்ன புது எண் நூற்று எட்டில் போனால் மிச்சம் நாற்பத்தொன்று, அதுதான் கடுகின் அசல் எடை. இதில் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், எடைகளை மாற்றவில்லை. அந்த மூட்டைகளுக்குப் பின்னால் அவர் சொன்னது இதுதான்.

"நாப்பத்தேழு கல்யாணத்துக்கு முந்தி எடுத்ததும்மா. அறுபத்தேழு வச்சுக்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

சோதனை

முன்பு விட்ட மருந்து உடம்பில் இருக்கும்போது புதிதாக விடலாமா என்று அவர்கள் வீட்டு மருத்துவரிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன நாளில் நாற்பதிலிருந்து அறுபது கிலோப் பெட்டியைக் கொடுத்தேன். வீட்டுச் சுவர்களுக்கும் ஆள் வைத்து மருந்து அடித்தார்கள். அதற்கப்புறம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மகன் வருகிற சனிக்கிழமை எனக்கு விடுமுறை, வீட்டில் உட்கார முடியாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அங்கிளே நேரில் வந்து சொன்னார். மருமகள் செருப்பைக் கழற்றியதும் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, வாலடி, ஒரு இடம் பாக்கியில்லை. கடுகு மல்லாந்து படுத்துக்கொண்டு நாலு காலையும் தூக்கிக் கொடுத்தது. அங்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வேலைக்காலம் முழுக்க, தான் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவும்போது எதிரே நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்ததாம். ஆன்ட்டி சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் ஆனது. மருமகள் விளக்கை அணைத்தாள். அவள் சொன்னதை அங்கிள் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

"ஒண்ணுகூட இல்ல மாமா. இவன் இங்கேயே இருக்கட்டும்."

தள்ளுவண்டி

அதற்கு அடுத்த மாதம் ஆன்ட்டி கடைக்கு வந்தார். ஒரு கையில் கடுகு, மறு கையில் தள்ளுவண்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே கொண்டுவர முடியாமல் வாசலில் சிறிது நேரம் போராட்டம் நடந்தது. தள்ளுவண்டியில் பேரன், கன்னம் இரண்டும் தோளைத் தொட, பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டியின் சக்கரம் முனகியது. குழந்தையின் காதோரம் பெரிய மைப்பொட்டு. கடுகின் காதோரத்திலும் அதே அளவில் ஒன்று.

மேடம் டான் ஆசையாக வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் குண்டு என்ற வார்த்தையும் உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் காலை மிதித்துவிட்டு, அடுத்த மாத மருந்துப் பெட்டியைத் துணிப்பையில் எண் தெரியாமல் மறைத்துக் கொடுத்தேன். ஆன்ட்டிக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. சந்தோஷத்தில் எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, பழக்க தோஷத்தில் பேரன் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மூணு கிலோ இருந்தா ஜாஸ்திம்மா. ஒண்ணும் சாப்பிடறதே இல்ல லா."

ஒன்பது வருட அனுபவத்தில் நான் தேறியது இவ்வளவுதான்: எந்த எடை சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, முருகையா அண்ணனிடம் போய்த் துண்டு இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.